டவரில் விழுந்த வளையல் சத்தம்

1997ஆம் வருஷம் திருமழிசையில் செல்போன் டவர் நட்டார்கள். அதில் அந்த வருஷத்துப் பேச்சு எதுவும் விழவில்லை. இன்னும் முப்பது வருஷம் கழித்துப் பேசப்போகிற பேச்சுதான் விழுந்தது. டவரின் இரும்புக் காலில் காதை வைத்தால் போதும், போன்கூட வேண்டாம். 'பூந்தமல்லியில ரயில் ஏறிட்டேன்' என்று ஒரு குரல் சொன்னதைக் கேட்டுப் பெரியவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பூந்தமல்லியில் ஏது ரயில்? மற்றபடி வரப்போகிற ஜனங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சாப்டியா, எங்க வந்துகினு கீறே என்பதுதான். இதை முப்பது வருஷம் முந்திக் கேட்பானேன் என்று பலருக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது.

ஆனால் ஜாதகம் பார்க்கிற ஊர் சும்மா இருக்குமா? அவரவர் பிள்ளைகளின் குரலைத் தேட ஆரம்பித்தார்கள். எவ்வளவு தடித்த குரலானாலும் பெற்றவளுக்கா அடையாளம் தெரியாது? குரல் கேட்டால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி. கேட்காவிட்டால் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட டவரடிக்குப் போய்வந்த பிறகுதான் காபியைக் கையில் வாங்கினார்கள்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் பொறுக்குகிற வேலை கெங்கம்மாளுக்கு. அவள் மகள் கண்ணம்மாவுக்கு அப்போது ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சோறு, தண்ணி, தூக்கம், இவ்வளவுதான் தாயும் மகளும் கையால் பேசிக்கொண்டது. சிட்டியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஹாஸ்டலோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் உலகத்துச் சங்கதி எல்லாம் கையாலேயே பேசுகிறார்கள் என்று நர்ஸம்மா ஞானம்மாள் சொன்னாள். சேர்ப்பதா வேண்டாமா என்று பார்க்க கெங்கம்மாள் டவரடிக்குத்தான் போனாள். பேச்சே வராத பிள்ளையின் குரலை அங்கே எப்படித் தேடுவது என்ற கேள்வி அவளுக்கும் தோன்றவில்லை, ஊருக்கும் தோன்றவில்லை.

வேலை விட்டதும் தினம் போய் நின்றாள். குரல் வரவில்லை. "உம் பொண்ணு தங்காதுமே. கீற வரைக்கும் உன்கூடவே வச்சுக்க," என்றாள் நாத்தனார் நாகவல்லி. கெங்கம்மாள் உடைந்துபோனாள். சாகப்போகிற பிள்ளையை எதற்கு ஹாஸ்டலில் விடுவது? எட்டு வயசாகியும் மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

டவரில் அடிக்கடி ஒரு வெற்று லைன் வரும். யாரும் பேசமாட்டார்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடி வளையல் குலுங்கும், அவ்வளவுதான். ராங் நம்பர் என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். 1999 ஆடியில் ஒரு சாயங்காலம் அந்த வளையல்களுக்கு நடுவே ஒரு சிறுமி பக்கத்தில் யாருக்கோ பதில் சொன்னாள்.

"எங்கம்மாவுக்குப் பேச்சு வராது ஆன்ட்டி. போன்ல மூஞ்சி தெரியுதுல்ல, அத்தப் பாத்துக் கையாலதான் பேசும். கண்ணம்மான்னு பேரு, திருமழிசை. இப்ப எங்க ஆயா கெங்கம்மாளப் பத்திச் சொல்லிகினு கீது. ஆயா நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு."

கெங்கம்மாள் டவரின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தான் சாகப்போவது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மகள் இருப்பாள். வாயுள்ளவர்களைவிட அதிகமாகவே பேசுவாள். ஆனால் அந்த டவர் சத்தத்தை மட்டும்தான் இறக்கித் தந்தது. படத்தை இறக்கித் தருகிற டவரை அதுவரை யாரும் நட்டிருக்கவில்லை. வளையல் வேகமாகக் குலுங்கியது, நின்றது, மறுபடி மெல்லக் குலுங்கியது. மகள் தன்னைத் திட்டுகிறாளா, நினைத்து ஏங்குகிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே கண்ணம்மாவை ஹாஸ்டலில் விட்டாள். பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதறியது. திரும்பி வருவேன் என்று சொல்ல அவர்களிடம் ஜாடை இல்லை. சாப்பிடு, தூங்கு என்று கையால் காட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் கண்ணம்மாவின் கைகள் வேகமாகிக்கொண்டே போயின. கெங்கம்மாளால் ஈடுகொடுக்க முடியவில்லை. டவரடிக்குப் போவதை மட்டும் அவள் விடவில்லை. வெற்று லைன் வந்தால் நின்றிருப்பவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். "உம் பொண்ணு பேசுது, வா," என்று நாகவல்லியே கூப்பிடுவாள். கெங்கம்மாள் இரும்பில் காதை வைத்து, புரியாத எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டு நிற்பாள்.