மேல் பஞ்சமம்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் கழித்து அக்கா மறுபடி மேடை ஏறினாள். பாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல் பஞ்சமம் வருமா என்பதைச் சொல்லவில்லை.

அதுதான் அவள் குரலின் உச்சி. சிறுமியாக இருந்தபோது அதைத் தொடுவதற்காக இரண்டு வருடம், தினமும் விடிந்ததும் குளியலறையில் நின்று 'ஆ' என்று இழுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம், "பிள்ளைக்குப் பல் வலியா?" என்றுகூடக் கேட்டார். தொட்ட பிறகு எந்தக் கச்சேரியிலும் அவள் அதை விட்டதில்லை.

நான் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பவள். கச்சேரி நாள்களில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடுவேன்.

வீட்டில் வழக்கமான ஐந்து கட்டை சுருதியில் பாடும்போது, பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே, மத்யமத்திலேயே குரல் கிழிந்தது. மூன்று மாதமாக அதே இடம். சுருதியை ஒரு கட்டை இறக்கினால் எட்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் மிருதங்கக்காரருக்குப் போன் செய்தேன்.

"நாலு கட்டைக்கும் ஒரு மிருதங்கம் எடுத்துட்டு வாங்க."

"அக்கா கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நல்லா இருக்கு! பூனைக்கு மணி கட்ட நான்தான் கிடைச்சேனா?"

ஆனாலும் கொண்டுவந்தார். கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தம்புராவை நாலு கட்டைக்குச் சேர்த்தேன். அக்கா புடவையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"யாரு சுருதிடி இது?"

"நாலு."

"அஞ்சுக்கு ஏத்து."

"கிழியுதுக்கா."

"எனக்குத் தெரியாதா? உன் தொண்டையா, என் தொண்டையா?"

வயலின்காரர் வில்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மிருதங்கக்காரர்தான் வாய் திறந்தார். "ரெண்டையும் சுமந்துட்டு வந்திருக்கேம்மா. என் இடுப்புக்காகவாவது ஒண்ணைச் சொல்லுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாக, "நாலே இருக்கட்டும். நாலுல வந்துடும்," என்றாள்.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ராகம் விரித்தாள். மேல் ஷட்ஜம் சுத்தமாக நின்றது. ரிஷபம், காந்தாரம். மத்யமமும் கிழியவில்லை. பின்னாலிருந்து அவள் கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. மத்யமத்திலேயே நின்றாள். ஒரு மூச்சு எடுத்தாள், மறுபடி அங்கேயே நின்றாள். பிறகு இறங்கிவிட்டாள்.

வயலின்காரர் முறை. அவரும் மத்யமம் வரை ஏறி நிறுத்தினார். பாடுகிறவர் போகாத இடத்துக்குப் பக்கவாத்தியம் போகாது. அது மரியாதை.

அக்கா மைக்கைத் தள்ளிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தாள். "போங்க சார்."

அவர் தலையசைத்து மறுத்தார்.

"போங்க. நான் கேக்கணும்."

வில் மேலேறிப் பஞ்சமத்தில் நின்றது. அக்காவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நரம்பு மட்டும் புடைத்தது.

அவர் இறங்கப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அங்கேயே," என்றாள்.