கை துடைக்கும் துணி

நர்சிங் கல்லூரியின் செயல்முறைக் கூடத்தில் விளக்குகளை அணைத்து ஊதா டார்ச்சை அடித்ததும் இருட்டில் மாணவிகளின் கைகள் மட்டும் மின்மினிகளாக மிதந்தன.

கிருத்திகா மேடம் டார்ச்சை ஒவ்வொரு கையாக நகர்த்தினார். கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையின் புண்ணில் அவர் ஒரு பசையைத் தடவியிருந்தார். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத அந்தப் பசை ஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, சோப்பால் கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து நீட்ட வேண்டும். ஒளிர்கிற இடமெல்லாம் கிருமி என்று கணக்கு.

"என்ன புள்ள இது, எல்லாருக்கும் மருதாணி வெச்சு உட்ட மாதிரி இருக்குது! மாப்ள எங்க?" என்றாள் ஷைமா. இருட்டு சிரித்தது.

கடைசியாகக் கையை நீட்டியவள் பரணி. நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவதில் வகுப்பிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. வியாழக்கிழமை வரும் ஆய்வுக் குழுவின் முன் செய்து காட்டப் போகிறவளும் அவள்தான். அவள் உள்ளங்கையும் பச்சையாக எரிந்தது.

"ஏங் கண்ணு, நீயுமா?" என்றார் மேடம்.

பரணி டார்ச்சை வாங்கி, தான் வந்த வழியே திருப்பிப் பார்த்தாள். குழாய் சுத்தம். தொட்டி சுத்தம். பக்கத்து ஆணியில் கை துடைக்கத் தொங்கிய பனியன் வேஸ்ட் துணி மட்டும் நிலாத்துண்டு போல ஜொலித்தது. அரைகுறையாகக் கழுவியவர்கள் அதில் விட்டுப்போனதை நன்றாகக் கழுவியவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பூரில் பனியன் வேஸ்ட்டைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. கட்டிங் மேசையிலிருந்து விழுகிற புதுத் துணி அல்லவா? பைக்கைத் துடைக்கவும் அதுதான், பிள்ளைக்கு மூக்குச் சிந்தவும் அதுதான். கல்லூரிக்கும் அதை ஒட்டிய ஆஸ்பத்திரிக்கும் அவற்றை நடத்தும் சேர்மனின் பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக இலவசமாக வரும்.

பரணிக்கு ஆஸ்பத்திரியின் மேல்மாடி வார்டு நினைவுக்கு வந்தது. அங்கேயும் கட்டுப் போடுகிறவர்கள் கை துடைக்க, காலையில் மாட்டிய ஒரே துணிதான் பொழுதுக்கும் தொங்கும். அவள் அம்மா மருதம்மாள் அங்கேதான் கிடந்தாள். சேர்மனின் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். மிஷின் ஊசி வலது ஆள்காட்டி விரலில் இறங்கி உடைந்துபோனது. ஊசித் துண்டை எடுத்துவிட்டார்கள். தானாக ஆற வேண்டிய காயம் சீழ் பிடித்து, விரல் வாழைப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. அந்த விரல் இல்லாமல் மிஷினில் உட்கார முடியாது.

வகுப்பு கலைந்ததும் பரணி மேடத்திடம் போனாள்.

"வார்டுல அந்தத் துணிய எடுத்துட்டுப் பேப்பர் டவல் வைக்கலாங்க மேடம். பீரோவுல ஒரு பெட்டி இருக்குதுங்களே."

"அது இன்ஸ்பெக்சனுக்கு வாங்குனது கண்ணு."

"எங்கம்மா அங்கதானுங்க இருக்கறாங்க."

"தெரியாமலா? சேர்மன் ஐயா கம்பெனித் துணியில கிருமி இருக்குதுன்னு யாரு போய்ச் சொல்றது? நீ சொல்றயா? வியாழக்கெழம முடியட்டும். மிச்சமிருந்தா தர்றேன்."

அன்று மாலை பரணி வார்டுத் துணியை உருவிக் குப்பையில் போட்டாள். காலையில் ஆயா புதிதாக ஒன்றை மாட்டினார். மதியத்துக்குள் அதுவும் வார்டின் எல்லாக் கைகளையும் துடைத்து முடித்திருந்தது.

வியாழக்கிழமை காலை, விரலை எடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார்.

அதே காலையில் பரணி பொம்மைக்குக் கட்டுப் போட்டாள், கழுவினாள், வெள்ளைக் காகிதத்தில் துடைத்தாள். ஊதா வெளிச்சத்தில் அவள் கைகள் அமாவாசையாக இருந்தன. கை தட்டினார்கள்.

"வார்டுலயும் இதே முறைதானாம்மா?" என்று கேட்டார் குழுவின் பெரியவர்.

அவருக்குப் பின்னால் மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் சேர்மன். விரல் போனாலும் அம்மாவுக்குக் கம்பெனியில் வேறு வேலை தருவதாக அவர் சற்றுமுன்தான் பரணியிடம் சொல்லியிருந்தார்.

"ஆமாங்க சார்," என்றாள் பரணி.

மீந்த காகிதக் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த இன்ஸ்பெக்சனுக்கு ஆகுமாம்.

மாலையில் அம்மா, விரலை எடுத்துக் கட்டுப் போட்ட கையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாப் பண்ணுனயா கண்ணு?"

"கை தட்டுனாங்கம்மா."

"சேர்மன் வந்து பாத்துட்டுப் போனாரு. கைமடியாப் போட்டுக்கறாராம். டெய்லருக்குத் துணி எடுத்துக் குடுக்கற வேலதான, செஞ்சுக்கலாம். தங்கமான மனுசன்."

பரணி எழுந்து, கட்டிலை ஒட்டியிருந்த குழாயில் கை கழுவினாள். நகக்கண் வரை தேய்த்தாள். பிறகு துடைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஈரக்கையோட நிக்கற பாரு!" அம்மா இடது கையை எட்டி ஆணியிலிருந்த துணியை உருவினாள். கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "நம்ம கம்பெனித் துணிதான் சாமி. தொடச்சுக்க."

பரணி வாங்கிக்கொண்டாள். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.