பதிவாளர் அம்மாவின் முற்றுகை

என் மனைவி கனிஷாய் தலைநகர் பிஷ்கெக்கில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, பின்னால் துண்டு உலர்த்த ஒரு சிறிய அறை. நான் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் என்னைத் திட்டுவார்கள், மீதிப் பாதி அவளிடம் வந்து அதைச் சொல்வார்கள்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பள்ளி நாட்களில் ஆங்கில ட்யூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் கிளப்பில் போய் உட்கார்ந்த கூட்டத்தில் இவளும் ஒருத்தி. அந்தக் காலத்து விளையாட்டு ஒன்றை எங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். கோட்டைகள், குதிரைப்படை, டிராகன்கள். நாம் ஒரு நாள் நகர்த்தினால் எதிரி ஒரு நாள் நகர்த்துவான். லேப்டாப்பில் குதிரைகள் எறும்புக் கூட்டம்போல ஓடின. படம் திரையின் நடுவே தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. சத்தம் வரவே இல்லை. இது விளையாட்டல்ல, விளையாட்டின் பிணம் என்றாள். அந்தக் காலத்து இயந்திரத்தையே கட்டி எழுப்பினால்தான் சரிவரும் என்று முடிவு செய்தாள்.

நான் சிரித்தேன். ஆனால் முடிவெட்டும் கடைக்காரி ஒன்றைத் தேட ஆரம்பித்தால் கிடைக்காமல் போகாது என்பதை மறந்துவிட்டேன். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் அரை மணி நேரம் எங்கே போவார்? கணக்கு வாத்தியார் ஒருவர் மதர்போர்டு கொண்டுவந்தார். பல் டாக்டரம்மா வீட்டு அலமாரியிலிருந்து ஒரு வீடியோ கார்டும் கைநிறைய மெமரி சில்லுகளும் வந்தன. எல்லாம் முடிவெட்டுக்கு ஈடு. குண்டு மானிட்டர் ஒன்று ஒரு தாத்தா வீட்டு பால்கனியில் தக்காளி நாற்றுத் தொட்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாற்றுக்கு வேறு இடம் செய்து கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒரு ஸ்டூல் அடித்துக் கொடுத்து மானிட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கைக்குழந்தையோடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் யாரிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தைக்குப் போனோம். தேநீர்ச் சமோவார் குழாய்கள், ஒற்றைச் சறுக்கு பூட்ஸ், கதவுக் கைப்பிடிகள் நடுவே தார்ப்பாயில் ஒருவன் ஹார்ட் டிஸ்க்குகளை மீன் அடுக்கியதுபோல் அடுக்கி வைத்திருந்தான். வேலை செய்யுமா என்று கனிஷாய் கேட்டாள்.

"கல்யாணம் மாதிரிதான்க்கா. வீட்டுக்குக் கொண்டுபோனாத்தான் தெரியும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள்.

மூன்று வாரம் பின்னறையில் வேலை நடந்தது. சாயம் பூசும் பிரஷ்ஷால் தூசு தட்டினாள், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், மெமரியின் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாள். மதர்போர்டில் ஐந்து கெபாசிட்டர்கள் வயிறு உப்பியிருந்தன; அவற்றைப் பிடுங்கிப் புதிது பற்றவைத்தது நான். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது மூன்று முறை கீச்சிட்டு அடங்கியது. மெமரியைக் கழற்றி மறுபடி சொருகினாள். திரும்பவும் மூன்று. இடம் மாற்றிச் சொருகினாள். ஒரே ஒரு கீச்சு, மானிட்டர் 'டொங்' என்று தலையை உலுக்கிக்கொண்டு விழித்தது.

டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதாகத்தான் திட்டம். ஆனால் அதில் பழைய ஆளின் வாழ்க்கை அப்படியே இருந்தது. திருமணப் பதிவுப் படிவங்கள், பிறப்புச் சான்றிதழ் மாதிரிகள், மணமக்களுக்கு வாசிக்கும் வாழ்த்துரை நான்கு வடிவங்களில். 'வெந்நீர்க் குழாய் பழுது — கடிதங்கள்' என்று ஒரு ஃபோல்டர். குழாய்க்கு இவ்வளவு கடிதமா என்று கனிஷாய் அதைத் திறந்தாள். உள்ளே கடிதம் ஒன்றுகூட இல்லை. அவள் தேடிய அதே விளையாட்டு இருந்தது.

சேமித்து வைத்த ஆட்டங்கள் இருநூறுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார் அந்த ஆள். 'மணமகள் தாமதம்.' 'மணமகன் தாமதம்.' 'இருவருமே வரவில்லை.' 'சாட்சி மயங்கி விழுந்தார்.' 'தலைவர் மாடிப்படியில்.' கனிஷாய் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி ஆட்டம் 2007-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை சேமிக்கப்பட்டது. அதன் பெயர் 'திங்கள் தொடரும்'. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்த ஆட்டத்தைத் திறந்தோம். அந்த ஆளுடைய நீலக்கொடிக் கோட்டையைச் சுற்றி எதிரியின் சிவப்புப் படை. கோட்டைக்குள் மூன்று டிராகன்கள். ஆற்றுக்கு அப்பால் சிவப்பின் கடைசிக் கோட்டை. அதைப் பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அடுத்த நகர்வை நீயே ஆடிவிடேன் என்றேன். அவள் மௌஸ் மேல் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"இன்னொருத்தர் தட்டுல கைய வைக்கிற மாதிரி இருக்கு," என்றாள்.

படிவங்களில் பதிவாளரின் பெயர் இருந்தது: புருல்சா ஒஸ்மோனோவ்னா. ஊர், கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள சிறு நகரம். அங்கிருந்து தினமும் மினிபஸ் ஓட்டி வரும் சோவெத்பெக் எங்கள் வாடிக்கையாளர். அவரிடம் அந்தப் பெயரைச் சொன்னதும், கழுத்தில் துணி கட்டியிருந்ததையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ரெண்டு தடவ கல்யாணம் கட்டிவச்சவங்க அவங்கதான்க்கா. ரெண்டு தடவையும் அதே பேச்சு. ரெண்டாவது தடவ மட்டும், 'இந்த முறை கவனமாக் கேளு'ன்னாங்க."

அடுத்த சனிக்கிழமை அவருடைய மினிபஸ்ஸிலேயே கிளம்பினோம். பச்சைக் கேட், முற்றத்தில் ஆப்பிள் மரங்கள். புருல்சா அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். உயரமானவர், நேர் முதுகு. வணக்கத்தையே ஒரு சட்டம் நிறைவேறியதை அறிவிப்பதுபோலச் சொன்னார். மருமகள் மேசை விரித்து, பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கைக் கொட்டி, ராஸ்பெர்ரி ஜாம் வைத்து, தேநீர் ஊற்ற எங்களுடனேயே உட்கார்ந்துகொண்டாள்.

கனிஷாய் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். பழைய ஹார்ட் டிஸ்க், அதில் ஒரு விளையாட்டு, அது உங்களுடையதாக இருக்குமோ என்று.

புருல்சா அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். அலுவலகத்தில் தான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததாகவும், அங்கே வேலை மட்டுமே பார்த்ததாகவும், விளையாட்டு என்று எதுவும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். என் காது சூடேறியது. கனிஷாய் ஜாம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மூன்றாவது தடவை சொன்னாள். யாரோ ஒருவருடைய மானத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டோமே என்று எனக்கு இருந்தது.

கெட்டிலில் தண்ணீர் தீர்ந்து மருமகள் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. புருல்சா அம்மா மேசையின் மேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"மூணு டிராகனும் உசுரோட இருக்கா?"

இருக்கின்றன என்றாள் கனிஷாய்.

அதற்குப் பிறகு அவர் கிசுகிசுவென்று மடமடவெனப் பேசினார். அந்த வெள்ளிக்கிழமை அலுவலகத் தலைவர் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினாராம். திங்கட்கிழமை போனால் மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர். பழையவற்றை லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? பதினாறு வருடமாக அந்த முற்றுகை மண்டைக்குள்ளேயே நிற்கிறது என்றார். உருளைக்கிழங்கு தோண்டும்போதும் யோசித்திருக்கிறார், ஆஸ்பத்திரி வரிசையிலும் யோசித்திருக்கிறார். வழியும் கண்டுபிடித்துவிட்டார்: ஆற்றின் வடக்குப் பாலம்.

மருமகள் திரும்பி வந்தபோது, தலைநகரத்தில் நல்ல முடிதிருத்துபவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

மறு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, உட்காரச் சொந்தமாக ஒரு குட்டி மெத்தையோடு கடைக்குள் நுழைந்தார். மேல்கோட்டைக் கழற்றி மாட்டினார், கண்ணாடி போட்டுக்கொண்டார், மௌஸைக் கையில் எடுத்து அடியில் உருண்டை சுற்றுகிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஆட்டம் திறந்ததும் கோட்டையை ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிராகன்களைக் கிளப்பி வடக்குப் பாலத்துக்கு அனுப்பினார்.

வடக்குப் பாலத்தில் சிவப்புப் படையின் பாதி ஒளிந்திருந்தது. ஐந்தே நாளில், விளையாட்டுக் கணக்கில் ஐந்து நாளில், மூன்று டிராகன்களும் செத்தன, கோட்டையும் போனது.

பதினாறு வருடத் திட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. புருல்சா அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. வெள்ளிக்கிழமைக்கே திரும்பிப் போவோம்," என்றார். "நீயா இருந்தா என்ன பண்ணுவ, பொண்ணே?"

கனிஷாய் இதற்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்தவள். கோட்டையை அப்படியே விட்டுவிடுங்கள் என்றாள். காலிக் கோட்டையை அவன் பிடித்துக்கொள்ளட்டும். டிராகன்களுக்கு எதற்குப் பாலம், ஆற்றின் குறுக்கே பறந்துபோய் அவன் கோட்டையைப் பிடியுங்கள். கோட்டையே இல்லாமல் ஏழு நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பது ஆட்டத்தின் விதி. பறக்க ஆறு நாள் ஆகும்.

புருல்சா அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோட்டையின் ஒவ்வொரு கோபுரத்தையும் தான் ஒரு வருடம் முழுக்கக் கட்டியதாகவும், விட்டுவிட்டுப் போ என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது என்றும் கேட்டார். இருவரும் காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள். கடையில் சோவெத்பெக் ஒரு பக்கம் வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு அப்படியே எழுந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டு, தெற்குப் பக்கம் போனால் என்ன என்று யோசனை சொன்னார்.

"மணமகன் அமைதியாக இருக்கவும்," என்றார் புருல்சா அம்மா, திரும்பிப் பார்க்காமலே. அவர் அமைதியானார்.

கடைசியில் டிராகன்கள் பறந்தன. இரண்டாம் நாள் நீலக்கொடி இறங்கியது. புருல்சா அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பெட்டிக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது, பிறகு சத்தமே இல்லை. மூடியைக் கழற்றினேன். ப்ராசசர் மேலிருந்த விசிறி நின்றுபோயிருந்தது. இன்னும் சில நிமிடத்தில் சூடேறி எல்லாம் உறைந்துவிடும், அணைத்துவிடுங்கள் என்றேன். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையை லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

கனிஷாய் முன்னறைக்கு ஓடி ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். குளிர்காற்றுப் பொத்தானை அழுத்தி, மண்டியிட்டு ப்ராசசருக்கு நேராகப் பிடித்தாள். நாலாம் நாள், ஐந்தாம் நாள். கை வலித்து மாற்றிப் பிடித்தாள். பிறகு சோவெத்பெக் வாங்கிப் பிடித்தார், வெட்டாத பக்கத்து முடி அவர் கண்ணில் விழ விழ. ஆறாம் நாள் டிராகன்கள் சிவப்புக் கோட்டைமேல் இறங்கின. ஒன்று மதிலிலேயே செத்தது. இன்னொன்று வாசலில். மூன்றாவது, பாதி உயிரோடு, உள்ளே போனது.

எக்காளம் ஊதியது. மட்டமான ஸ்பீக்கர், ஆனாலும் ஊதியது. புருல்சா அம்மா எழுந்து நின்று, ஒரு திருமணத்தை முடித்துவைத்தவரைப்போல எங்கள் மூவரின் கையையும் வரிசையாகக் குலுக்கினார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

முடிவெட்டிக்கொள்ளப் போவதாகத்தானே வீட்டில் சொல்லியிருக்கிறார்? கனிஷாய் இரண்டு விரல்கடை வெட்டி அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை அவர் விளையாட்டில் வேறொரு வரைபடம் தொடங்க வந்தார். மேலும் இரண்டு விரல்கடை. அதற்கடுத்த வாரமும். ஐந்தாம் வாரம் அவர் தலை ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவன் தலைபோல இருந்தது. அன்று மதியம் மருமகள் கடைக்கே போன் செய்து, என் மாமியார் தலையை என்னதான் செய்கிறீர்கள் என்று கனிஷாயிடம் கேட்டாள். கனிஷாய் திருதிருவென விழித்து போனைப் பின்னறைக்குக் கொண்டுபோய் நீட்டினாள்.

புருல்சா அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு கை மௌஸில் இருந்தபடியே, பிசிறில்லாத குரலில் சொன்னார்:

"ஆமா. கம்ப்யூட்டர்ல விளையாடுறேன். இல்ல, இப்பத்தான்னு இல்ல, ரொம்ப வருஷமா."

அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் ரொம்பக் கோபமா என்று நான் கேட்டேன்.

"வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொன்னா," என்றார். முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.