சுவருக்கு அந்தப் பக்கம்

அப்பாவின் தோளுக்கடியில் ஸ்ரீகண்டன் கை கொடுத்துக்கொண்டான். பாகீரதி மாமனாரின் கால்களைப் பிடித்தாள். கட்டிலில் உயிர் போகக்கூடாது என்று தரையில் தர்ப்பை பரப்பியிருந்தது. ஆறு மாதப் பக்கவாதத்தில் சாம்பசிவனிடம் கனமே மிச்சமில்லை. இறக்கிப் படுக்கவைத்து, வாயில் ஒரு உத்தரணி கங்கை ஜலம் விட்டார்கள். பாதி உள்ளே போயிற்று, பாதி கன்னத்தில் வழிந்தது. அவ்வளவுதான். காலை எட்டே கால் மணி.

பாகீரதி அழுதுகொண்டே கட்டிலை ஒதுக்கப் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

“இங்க பாருங்கோ. தலகாணிக்கடியில எறும்பு மொய்க்கறது.”

மலையாளப் பத்திரிகையின் ஒரு கிழிசல், பொட்டலமாக மடித்திருந்தது. பிரித்தால் தோசைத் துண்டுகள். அடியில் இருந்தவை காய்ந்து தகடாகியிருந்தன. மேலே இருந்தது நேற்றுக் காலையில் அவளே ஊட்டிய தோசையின் விளிம்பு. வலது கை விளங்காத மனிதர், ஒற்றை இடது கையால் இதை எத்தனை தடவை பிரித்து எத்தனை தடவை மடித்தாரோ.

“கைசருக்கு எடுத்து வெச்சிருக்கார். பாவம், வரும்னு இருந்திருக்கார்” என்றாள் பாகீரதி.

ஸ்ரீகண்டன் எறும்புகளை ஊதிவிட்டு, பொட்டலத்தை மடித்து ஜன்னல் மாடத்தில் வைத்தான். செத்துக் கிடக்கும் அப்பாவின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

கரமனை அக்ரகாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் விஜயம் இருந்தாள். அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட், கல்யாணம் ஆகாதவள், வயது நாற்பத்திரண்டு. அம்மா போன பிறகு துணைக்கும் காவலுக்குமாக ஒரு நாயைக் கொண்டுவந்தாள். அக்ரகாரத்தில் நாயா என்று தெருவே முகம் சுளித்தது. கைசர் என்று பேர். பேர்தான் சக்கரவர்த்தி, பிறந்தது ஏதோ ஓடைக்கரையில். பால்காரன் வந்தால் குரைக்கும், பஸ் போனால் குரைக்கும், ஒன்றும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று குரைக்கும்.

ஸ்ரீகண்டன் டிபார்ட்மெண்ட் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றிருந்தான். தோற்றதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, நாய் அகப்பட்டது. விஜயத்திடம் நேரே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. குமாஸ்தா புத்தி வேறு வழி சொன்னது. தன் பேரில் கார்ப்பரேஷனுக்கு மனு கொடுத்தால் அது ஏதாவது ஃபைலில் தூங்கும். சாகக் கிடக்கும் கிழவர் பேரில் கொடுத்தால் நகரும். ‘படுத்த படுக்கையாக இருக்கும் எனக்கு, அடுத்த வீட்டு லைசென்ஸ் இல்லாத நாய் ஒரு கணமும் நிம்மதி தருவதில்லை’ என்று இங்கிலீஷில் அழகாகவே எழுதினான். ஆபீசில் அவன் வரைவுக்கு நல்ல பேர் உண்டு. அப்பா தூங்கும்போது அவருடைய இடது கைப் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினான். பிறகு தேங்காய் எண்ணெய் போட்டு விரலைத் துடைத்தான். அப்போது அப்பா கண்ணைத் திறந்தார். பிள்ளை தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து, கோணிய வாயால் சிரித்தார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், விஜயம் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், நாய் வண்டி வந்தது. அதில் ஏறின நாய் திரும்பி வந்ததாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. சாயங்காலம் விஜயம் ஓடிப்போய் விசாரித்ததற்கு மனுவைக் காட்டினார்களாம். சாம்பசிவன், இடது கைப் பெருவிரல் ரேகை. அவள் சண்டைக்கு வரவில்லை. வருவதையே நிறுத்திவிட்டாள்.

அதுவரை தினமும் ஆபீஸ் விட்டதும் வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் ஊர் வம்பெல்லாம் சொல்வாள். நாயும் கூட வந்து கட்டிலுக்கடியில் படுக்கும். அப்பா காலைத் தோசையில் மிச்சம் பிடித்து அதற்குப் போடுவார். ஸ்ரீகண்டன் வீடு திரும்புவதற்குள் நடந்து முடிகிற காரியம். நாய் போன மறுநாள், “கைசர் எங்கடா?” என்று அப்பா குழறியபோதுதான் அவனுக்கே இது தெரிந்தது.

“விஜயம் அக்கா வித்துரால தங்கை ஆத்துக்குப் போயிருக்கா. அதையும் கூட்டிண்டு போயிருக்கா. வந்துடுவா” என்று சொல்லிவைத்தான். அப்பா கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னான்.

பத்து மணிக்கு விஜயம் வந்தாள். ஆபீசுக்கு உடுத்திய புடவையோடு பாதி வழியில் திரும்பியிருக்க வேண்டும். ஸ்ரீகண்டன் தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தான். அவள் கால்மாட்டில் விழுந்து நமஸ்கரித்தாள். எழுந்து, தாழ்ந்த குரலில், உயிரோடு இருக்கிறவரிடம் பேசுவதைப்போலச் சொன்னாள்:

“மாமா, கடைசிக் காலத்துல உங்களைத் தூங்க விடாம பண்ணிட்டேன். நேக்குத் தெரியாம போச்சு. மன்னிச்சுக்கணும்.”

கூடத்தில் நின்ற நாலு பேர் காதில் அது விழுந்தது. ஒரு வாயில்லாத ஜீவனை வண்டியில் ஏற்றிய கிழவர் என்ற பேரோடு அப்பா போகப்போகிறார். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தான்.

“கர்த்தா இப்படி வரணும்” என்றார் வாத்தியார்.

அவன் போனான். கூப்பிட்டார்கள் என்று ஒரு சாக்கு கிடைத்ததில், வெட்கக்கேடு, அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி இரண்டு. இழவு வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. ஒரே சுவரை வைத்திருக்கும் அடுத்த வீட்டில்தான் சமையல். விஜயம் எங்கே செய்யப்போகிறாள் என்று பாகீரதி எதிர்வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் உள்ளே நுழைந்ததும் மிளகு ரசத்தின் வாசனை வந்தது.

“விஜயம் அக்கா எதிர்வீட்டுல போய் வேண்டாம்னுட்டா. என் முறையாக்கும், நான்தான் பண்ணுவேன்னா” என்றாள் பாகீரதி.

மற்றவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். கடைசியாக ஸ்ரீகண்டன் இலை முன்னால் உட்கார்ந்தான். பாகீரதி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விஜயம் சாதம் போட்டு ரசம் விட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

“என்ன, எறங்கல்லியா?”

“அக்கா, அந்த மனு அப்பா குடுத்ததில்லை.”

கரண்டி அப்படியே நின்றது.

“நான் எழுதினேன். அப்பா தூங்கறச்சே விரலைப் பிடிச்சு அமுக்கினேன். அப்பாக்கு ஒண்ணுமே தெரியாது.” இடது கையால் எட்டி மாடத்திலிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். “கைசர் வித்துராலேந்து வரும்னு பொய் சொல்லியிருந்தேன். அதுக்காக எடுத்து வெச்சிருக்கார்.”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கரண்டியால் தலையில் ஒன்று போட்டாலாவது தேவலை என்று அவனுக்கு இருந்தது.

“என்னைக் கேட்டாரா?”

“தெனமும் கேட்டார். நீங்களும் வித்துராலன்னு சொன்னேன்.”

“நான் இங்கதானேடா இருந்தேன்” என்றாள் விஜயம். “சுவருக்கு அந்தப் பக்கம். மாமா இருமறது கேக்கும். கேட்டுண்டே உக்காந்திருப்பேன். இப்படி எழுதிக் குடுத்தவரை எப்படிப் போய்ப் பாக்கறதுன்னு இருந்துட்டேன். பன்னெண்டு நாள்.”

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

“உக்காரு. சாதத்தை வெச்சுட்டு எழுந்துக்கப்படாது” என்று மோரை விட்டாள்.

அவன் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். அவள் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். பொட்டலத்தை அப்பா மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, மேலே வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஆயிற்று. தெருவில் வீடுகளில் விளக்கு வைத்தார்கள். பஸ் ஒன்று போனது, குரைப்பில்லாமல். ஸ்ரீகண்டன் காலியான கட்டிலருகே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் கொல்லைக்கதவு திறந்தது. கைசருக்குச் சாதம் போடும் தகரத் தட்டைக் கழுவி, தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.