பவுடர் டப்பாவில் வந்த கொசுக்கள்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே, சாய்வு நாற்காலியில் வீட்டுக்காரர். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் என் அக்கா. பின்பக்க அறையில் குடியிருப்பவள். மாடிப்படியின் கடைசிப் படியில் மாடி வீட்டு லாரி டிரைவர். அவர் மகள் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஜன்னலோர மேஜையில் பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக நான். சுகாதார அலுவலகத்தில் கொசுவை இனம் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால், அக்கா வீட்டுப் புகாருக்கும் நானே வரவேண்டியதாயிற்று.

"உங்க அக்கா டிரம்முல தண்ணி புடிச்சு வைக்கிறாங்க. அதுலதான் டெங்கு கொசு பெருகுது. அத மட்டும் எழுதிக் குடுங்க, மாசக் கடைசியில ரூம காலி பண்ணச் சொல்லிடுறேன்" என்ற வீட்டுக்காரர், சாட்சியாக ஒரு பவுடர் டப்பாவை நீட்டினார். "எல்லாம் நானே அடிச்சது. கால பாருங்க, வெள்ளை வெள்ளையா இருக்கு."

மூடியைத் திறந்ததும் பவுடரின் இனிப்பு வாசனையும் பழைய ரத்தத்தின் கவுச்சியும் ஒன்றாக மேலே வந்தன. காகிதத்தில் கொட்டினேன். நசுங்கியவை, காலுதிர்ந்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாய்ப் போனவை. வயிறு உப்பியிருந்த ஒன்றை இடுக்கியால் தொட்டேன். பட்டென்று உடைந்து கருஞ்சிவப்பாகக் காகிதத்தில் இழுகியது.

"அது என் பொண்ணு ரத்தமா இருக்கும்" என்றார் டிரைவர்.

கால்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. தூரிகையால் மெல்லத் தட்டினேன். வெள்ளை தூளாக உதிர்ந்தது.

"இது பவுடருங்க. டப்பாவுல மிச்சம் இருந்ததா?"

"நான்தான் போட்டேன். ஈரம் புடிச்சு நாறக்கூடாதுல்ல?"

டெங்குக் கொசுவுக்கு வெள்ளை வளையம் மூட்டுக்கு மூட்டு அளவாக இருக்கும். முதுகில் வளைந்த வெள்ளைக் கோடுகள் தெரியும். வால்நுனி கூராக முடியும். இவற்றுக்கு முதுகு வெறும் பழுப்பு. பவுடர் எவ்வளவு அப்பினாலும் வால்நுனியை மாற்ற முடியாதே; எல்லாமே மழுங்கிய நுனி. சாக்கடைக் கொசு.

"அப்ப சாக்கடை எங்க இருக்கு?" என்றார் டிரைவர், எழுந்துகொண்டே.

எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. கொல்லையில் கழிவறைக் குழியின் மூடி உடைந்து, மேலே ஒரு சாக்கு கிடந்தது. சாக்கைத் தூக்கியதும் ரீங்காரத்தோடு ஒரு கறுப்புப் புகை முகத்தில் அடித்தது. வாயை மூடுவதற்குள் இரண்டு உள்ளே போய்விட்டன. காறிக் காறித் துப்பினேன். வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்; அவர் வீட்டுக் குழிதான்.

அக்காவின் முகத்தில் தீபம் ஏற்றியதுபோல் ஒரு வெளிச்சம். "நல்லாப் பாத்துக்க தம்பி, என் டிரம்மையும் பாரு!" டிரம்கள் துணியால் இறுகக் கட்டி, உள்ளே கண்ணாடியாய்த் தண்ணீர். ஆனால் சாக்கடைக் கொசு டெங்கு பரப்பாது. அப்படியானால் அந்தப் பெண்ணைக் கடித்தது எங்கிருந்து வந்தது? தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் பார்த்தாக வேண்டும். அக்காவின் அறைக்குள் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தேன்.

அடியில் தண்ணீர் சேரும் தட்டு. வழவழவென்று பாசி, முடிக்கற்றை, மல்லாந்து செத்த கரப்பான். அதன் நடுவே கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. மேலே சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. சோதனைக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு வெள்ளை வளையம், முதுகில் வளைந்த கோடுகள், கூரிய வால். சந்தேகமே இல்லை. போன வாரம் இதே ஃப்ரிட்ஜிலிருந்து மோர் எடுத்துக் குடித்தது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்தார். "குழிய நீங்க விட்டுடுங்க, தட்ட நான் விட்டுடுறேன். உங்க அக்கா இங்கயே இருக்கட்டும். என்ன சொல்றீங்க?"

அக்காவுக்கும் கேட்டுவிட்டது. "அவர் சொல்றதும் சரிதானேடா" என்றாள் மெதுவாக. "தட்ட நான் இப்பவே கழுவிடுறேன்."

"கழுவு. ஆனா எழுதாம இருக்க முடியாதுக்கா. மாடியிலயும் இதே மாதிரி ஃப்ரிட்ஜ் இருக்கும், பக்கத்து வீட்டுலயும் இருக்கும். எழுதினாத்தான் ஆள் வந்து பாப்பாங்க."

"நீ எனக்குத் தம்பியா, கொசுவுக்குத் தம்பியா?"

கூடத்துக்குத் திரும்பினேன். டிரைவர் மேஜையருகே நின்று அந்தக் காகிதக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சுகாதார அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். குழி முதலில், அது வீட்டுக்காரர் பொறுப்பு. பிறகு தட்டு, குடியிருப்பவர் என் உடன்பிறந்த அக்கா என்பதையும் சேர்த்தே எழுதினேன். அதற்குள் அக்கா தட்டைத் தெருவில் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துவிட்டாள். அதையும் எழுதி, கையெழுத்திட்டு மடித்தேன்.

உறையின் பசையை நாக்கால் நனைக்கப் போனேன். கொசு போன அந்த வாயால் முடியவில்லை. அக்கா என்னைப் பார்க்காமலே ஒரு தம்ளரை மேஜையில் டங்கென்று வைத்தாள்.

"மூடி வச்ச தண்ணிதான். தைரியமாத் தொடு."

விரலால் தொட்டு ஒட்டினேன். டிரைவர் கை நீட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் அலுவலகம். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கிப் போனார்.