சாமானியர் வெளியே இருக்கிறார்

புது மருந்துகளை மனிதர்கள் மேல் சோதிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அதில் டாக்டர்கள் இருப்பார்கள், வக்கீல் இருப்பார். இவர்களோடு, டாக்டரும் இல்லாத வக்கீலும் இல்லாத ஒரு சாமானியர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மைசூரில் ஒரு தனியார் கல்லூரிக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டபோது, எதுவும் தெரியாத ஆள் என்றதும் என் பேராசிரியருக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

கவின்ராஜ், இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, சாமானியர். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

வேலை கடினமில்லை. சாமானியர் இல்லாமல் குழு கூடினால் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள்கணக்கு, கிடையாது, எடுத்த முடிவு செல்லாது. ஆகையால் வரும்வரை போன்மேல் போன் வரும். வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டம் தொடங்கும் முன் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் தட்டு, நான் ஆகிய மூன்றும் மேசையில் இருக்கிறோமா என்று பியூன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

இரண்டு கூட்டங்கள் இப்படி நல்லபடியாகப் போயின. மூன்றாவது கூட்டத்தில் என் அத்தை குறுக்கே வந்தாள்.

லிங்கம்மா அத்தை என் அப்பாவின் அக்கா. ராமாபுரத்திலிருந்து வந்து மேட்டகள்ளியில் ஊதுபத்தி ஃபேக்டரியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. சர்க்கரை வேறு. இடது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஒரு வருஷமாக ஆறவில்லை. விரலை எடுத்துவிடலாம் என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விரலோடு நிற்காது, பாதம்வரை போகலாம் என்று இன்னொரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்றாவதாகப் போனது எங்கள் குழு இருக்கும் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு. நான் சாமானியன் ஆவதற்கு முன்பே அங்கே டாக்டர் ஜீவிதா அவளை ஒரு களிம்புச் சோதனையில் சேர்த்துக்கொண்டார். பெயரில்லாத வெள்ளை டியூப், மேலே வெறும் எண். பூசப் பூசப் புண் சுருங்கியது. ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருந்தது பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து கம்பெனி சோதனையை முடித்துக்கொள்ளத் தீர்மானித்து, டியூப் அனுப்புவதை நிறுத்திவிட்டது. காரணம், மருந்து நன்றாக வேலை செய்கிறது. தேவையான முடிவு சீக்கிரமே கிடைத்துவிட்டதால் இனி பூசிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லையாம். களிம்பு கடையிலும் கிடையாது. அத்தையின் கையில் இருந்தது கடைசி டியூப். அதையும் அவள் பல்பொடி மாதிரி தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வந்தபோது முதல் வரியே இதுதான்: களிம்புச் சோதனையை மூட அனுமதி. அடுத்த வரி: அதே களிம்பின் இரண்டாம் கட்டச் சோதனையைப் புது நோயாளிகளிடம் தொடங்க அனுமதி.

அன்று காலை ஸ்கூட்டரில் அத்தையைக் கட்டு மாற்ற அழைத்துப்போகும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நீதான் அங்க பெரிய ஆளா?" என்றாள் பின்னாலிருந்து.

"சாமானியன், அத்தை."

"என்ன எழவோ. மூடக் கூடாதுன்னு கையத் தூக்கிப்போடு."

"நீங்க எனக்கு அத்தைன்னு சொல்லணும். சொன்னா வெளிய அனுப்பிருவாங்க."

"அட, கோட்டிக்காரா! அதை எதுக்குச் சொல்ற? வாய மூடிக்கிட்டுக் கையத் தூக்கு. என்ற காலுடா இது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் கால்தான் அது.

குழுவின் தலைவர் நஞ்சுண்டையா, ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே கேள்வியோடு தொடங்குவார்: "இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்தத் தொடர்போ ஆதாயமோ உண்டா?" பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதைப் போல எல்லோரும் சேர்ந்து "இல்லை" என்போம். சொல்லிக்கொண்டே பிஸ்கட்டை எடுப்போம். அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

நானும் பிஸ்கட்டை எடுத்துவிட்டேன். ஆனால் அத்தைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். குழு கையேட்டில், தொடர்பை மறைத்து எடுத்த முடிவு ரத்தாகும் என்று ஒரு விதி இருக்கிறது. வாரம் தவறாமல் நான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவதை வாட்ச்மேனிலிருந்து நர்ஸ்வரை பார்த்திருக்கிறார்கள். நாளைக்கு யாராவது ஒருவர் வாயைத் திறந்தால், மூடக் கூடாது என்று எடுத்த முடிவும் ரத்தாகி, அத்தைக்கு மட்டுமல்ல, அவளோடு கட்டு மாற்ற வரிசையில் உட்காரும் எல்லோருக்கும் களிம்பு போய்விடும்.

"உண்டு, சார்" என்றேன்.

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"என்ன உண்டு?" என்றார் நஞ்சுண்டையா.

"தொடர்பு உண்டு. முதல் விஷயத்தில் ஒரு நோயாளி என் அத்தை."

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையேட்டைப் பார்த்தார். "தொடர்புள்ளவர் வெளியே போக வேண்டும்" என்று வாசித்தார்.

"போகட்டும். நாம் பார்த்துக்கொள்வோம்."

"இவர் போனால் சாமானியர் இல்லை. சாமானியர் இல்லையென்றால் கோரம் இல்லை."

"சரி, முதல் விஷயத்தைத் தள்ளிவைத்து இரண்டாவதை எடுப்போமே."

"முதலாவதை மூடினால்தான் இரண்டாவதைத் தொடங்கலாம் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது, சார்."

கொஞ்ச நேரம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சாமானியனுக்கு அந்த அறையில் அவ்வளவு மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை. எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோதனை நடத்தியவர் என்பதால் டாக்டர் ஜீவிதா முடிவெடுக்கும்போது உள்ளே இருக்கக் கூடாது. பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி தீபக் எப்போதுமே உள்ளே இருக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட எல்லோரும் பெஞ்சில், சம்பந்தமில்லாத எல்லோரும் உள்ளே. நெறிமுறை சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

எங்கள் இருவரையும் போல தீபக்குக்கும் தமிழ் வரும் என்பதே அங்கேதான் தெரிந்தது.

"நீங்க ஏன் வெளிய வந்துட்டீங்க?" என்றார் தீபக்.

சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் ஆஸ்பத்திரிச் சுவரின் நிறத்துக்கு வந்தது.

"அடுத்த மீட்டிங் ரெண்டு மாசம் கழிச்சுத்தானே? பெங்களூர்ல, ஹுப்ளியில எல்லாம் ரெடி. மைசூர் ஒண்ணுதான் பாக்கி. ஹெட் ஆபீஸ்ல என்னைத் தோலை உரிச்சிருவாங்க."

"தோல் உரிஞ்சா நம்ம களிம்பு இருக்கே" என்றார் ஜீவிதா, அவர் பக்கம் திரும்பாமலே.

தீபக் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "கவின், ஒரு வழி சொல்றேன். உங்க அத்தைக்கு மட்டும் டியூப் வர்ற மாதிரி நான் பார்த்துக்கறேன். ஆறுற வரைக்கும். நீங்க உள்ள போய், தப்பா சொல்லிட்டேன், அவங்க தூரத்துச் சொந்தம்தான்னு சொல்லிருங்க. முடிஞ்சுது."

மூன்று மாடி கீழே கட்டு மாற்றும் அறை வாசலில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். பட்டாணி அளவுதான் பாக்கி. ஒரு தலையாட்டல் போதும்.

"அத்தைக்கு மட்டும் வாங்கிக்கிட்டா நிஜமாவே ஆதாயம் வந்துருமே, சார்" என்றேன். "இப்பவாவது சொந்தம் மட்டுந்தான். அப்புறம் நான் இந்தக் கட்டடத்துக்குள்ளயே வர முடியாது."

"அப்ப என்னதான்பா வேணும் உங்களுக்கு?"

"எனக்கு எதுவும் வேணும்னு கேட்கவே கூடாது. விதி. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"இது பிளாக்மெயில் இல்லையா, டாக்டர்?" என்று அவர் ஜீவிதாவிடம் முறையிட்டார்.

"சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு அப்படிப் பேரு கிடையாது" என்றார் ஜீவிதா. பிறகு கொஞ்சம் யோசித்து, "தீபக், முதல்ல நமக்குக் கிடைச்ச அனுமதியில என்ன இருக்கு? எத்தனை நாள் களிம்பு குடுக்கலாம்னு?"

"புண் ஆறும் வரை, இல்லேன்னா கம்பெனி மூடும் வரை."

"மூட அனுமதி கேட்டது யாரு?"

"நாங்கதான்."

"கேட்டதைத் திரும்ப வாங்கிக்கிட்டா?"

தீபக் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் மெல்லப் புரிந்தது. மூடும் விண்ணப்பம் இல்லையென்றால் முதல் விஷயமே இல்லை. பழைய அனுமதி அப்படியே ஓடும். எல்லா நோயாளிகளுக்கும் புண் ஆறும்வரை களிம்பு உண்டு. குழு முடிவெடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆனா மூடினாத்தான் ரெண்டாவதை ஆரம்பிக்கலாம்னு எழுதியிருக்கோமே!"

"எழுதினதும் நீங்கதான்" என்றார் ஜீவிதா. "சோதனை முடிவு கையில இருக்கு. மூடணும்னு சட்டம் கேட்கல. உங்க ஆபீஸ்ல யாரோ அழகா இருக்கட்டும்னு போட்ட வரி அது. நான் அப்பவே மெயில் அனுப்பினேன். பாதிப் புண்ணோட ஆளுங்களை அனுப்பச் சொல்லாதீங்கன்னு. பதிலே வரல."

தீபக் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஓரம் போனார். அவர் பேசியது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "இல்ல சார்... டாக்டர் இல்ல சார், லே பர்சன், அந்தச் சாமானியர்... ஒண்ணும் கேட்கல சார், அதான் பிரச்சினையே... அத்தை சார்... ஆமா, சொந்த அத்தைதான்... எல்லாருக்கும் டியூப் குடுக்கறது ரெண்டு மாசம் லேட்டாகறதை விட சீப் சார்."

ஹெட் ஆபீசுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் உடனே புரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பி வந்து, மடியில் லேப்டாப்பை வைத்து இரண்டு கடிதம் அடித்தார். முதலாவது, மூடும் விண்ணப்பம் வாபஸ். இரண்டாவது, அந்த ஒரு வரி நீக்கம். ஜீவிதா அச்சடித்து வந்து கையெழுத்துப் போட்டார். பியூன் உள்ளே கொண்டுபோனார்.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது. "சாமானியரைக் கூப்பிடுகிறார்கள்."

நான் உட்கார்ந்ததும் நஞ்சுண்டையா கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். பதில்களும் ஒவ்வொன்றாக வந்தன. கண் டாக்டர் ஒருவர் சற்றுத் தயங்கி, போன வருஷம் இதே கம்பெனி தன்னை ஊட்டிக்கு ஒரு மாநாட்டுக்கு அழைத்துப் போனதாகச் சொல்லி எழுந்தார். டாக்டர்கள் நிறைய இருந்ததால் அவர் போனதில் கோரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்கள்?" என்றார் என்னிடம்.

"இரண்டாம் கட்டத்தில் ஏற்கெனவே களிம்பு பூசியவர்களைச் சேர்க்க மாட்டார்கள், சார். அத்தை இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை."

வக்கீல் தலையை ஆட்டினார்.

"அப்படியானால் அனுமதிக்கலாமா?"

"ஒரு சந்தேகம், சார். இதிலும் மருந்து நன்றாக வேலை செய்தால் பாதியில் நிறுத்துவார்களா?"

வக்கீல் பேனாவை எடுத்து, இந்த விண்ணப்பத்திலும் இருந்த 'கம்பெனி மூடும் வரை' என்பதை அடித்துவிட்டு, 'சேர்ந்த ஒவ்வொருவருக்கும் புண் ஆறும் வரை' என்று எழுதினார். நஞ்சுண்டையா அதைச் சத்தமாக வாசித்தார். அதன்பிறகு எல்லோரும் கை தூக்கினோம்.

கீழே போனபோது டாக்டர் ஜீவிதா எனக்கு முன்பே அங்கே இருந்தார். அத்தையின் கட்டைப் பிரித்து, புது டியூபிலிருந்து தாராளமாகப் பிதுக்கிப் பூசிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அத்தனை வேண்டாமுங்க, தீர்ந்துபோயிரும்" என்று அத்தை பதறினாள்.

"தீர்ந்தா இன்னொண்ணு வரும் லிங்கம்மா. எல்லாருக்கும் வரும். காலை ஆட்டாதீங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். "கையத் தூக்கினயா?"

"முதல் விஷயத்துக்குத் தூக்கல. வெளிய போயிட்டேன்."

"நீ வெளிய போனதுக்கா குடுத்தாங்க?"

"ஆமா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னைப் பற்றி வைத்திருந்த ஏதோ ஒரு கணக்கை மாற்றிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. பக்கத்து ஸ்டூலில் கட்டுப் பிரித்த காலோடு உட்கார்ந்திருந்த பொன்னம்மாவிடம் திரும்பிச் சொன்னாள்:

"என்ற தம்பி மவன். இவன் இல்லாட்டி உள்ள ஒரு வேலை நடக்காதாமா."