மத்தூரில் நிற்காத பஸ்

மைசூரு விஜயநகரில் வீடு, பெங்களூரில் வேலை. கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வரும் ஜீவிதாவுக்கு இந்த வருஷம் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. “தண்ணி நிறைய குடிங்க, அடக்காதீங்க” என்றார் டாக்டர். எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முன்பெல்லாம் மாலையில் பஸ் மத்தூரில் டீக்கு நிற்கும். அதை எடுத்துவிட்டால் கால் மணி நேரம் முன்னதாக வீடு சேரலாமே என்று கம்பெனி வாட்ஸப்பில் கேட்டது. பெண்கள்தான் முந்திக்கொண்டு சரி என்றார்கள், ஜீவிதா உட்பட. வீட்டுக்குப் போய்ச் சமைப்பது யார்? மிச்சம் பிடித்த நேரத்தைக் குக்கரும் பாத்திரமும் விழுங்கிவிட்டன. அன்றிலிருந்து மத்தியானத்துக்குப் பிறகு அந்த பஸ்ஸின் பெண்கள் யாரும் சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை. ஆண்களுக்கென்ன, அவசரமென்றால் ஓரங்கட்டச் சொல்லிப் புதர்ப்பக்கம் இறங்கிவிடுவார்கள். அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது.

இன்று கிளம்பும்போதே ஜீவிதா ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் குடித்தாள். மண்டியா தாண்டியதும் டிரைவர் கரியப்பனிடம் போய் நின்றாள்.

“அண்ணா, பெட்ரோல் பங்க் வந்தா நிறுத்துங்க.”

“நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டருங்க அம்மணி. இன்னும் செத்த நேரந்தானுங்க.”

“இப்பத்தானே பின்சீட்டு ஆளுக்கு நிறுத்தினீங்க?”

முன்சீட்டிலிருந்த மேதா சீறினாள். டே கேரில் அவள் குழந்தை காத்திருந்தது.

“என்ன ஜீவிதா இது? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். எல்லாருக்கும் லேட் ஆகாதா?”

“அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணித்தான் ரத்தமா போகுது! இன்னும் என்னத்த அட்ஜஸ்ட் பண்ண? இங்கயே போகட்டுமா?”

அவள் கத்திய கத்தலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வெட்கமாகவே இல்லை. வெறும் கோபம், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேலும்தான்.

“நிறுத்துற வரைக்கும் நான் உட்கார மாட்டேன்.”

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் ஒரு பங்க்கில் கரியப்பன் வண்டியைத் திருப்பினார். கதவு திறந்ததும் ஜீவிதா படியில் கால் வைப்பதற்குள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி இறங்கினாள். மேதாதான். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் ஓடினார்கள்.

அங்கே இருந்தது ஒரே கழிவறை. வரிசையில் ஜீவிதாவுக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது.